வெனிஸ்: விமான நிலையத்திலிருந்து விடுதி வாசல் வரை

வெனிஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எது மலிவு, எது சீக்கிரம் என்றுதான் கேட்பார்கள். அதைவிட முக்கியமானது, கடைசி நிறுத்தத்துக்கும் விடுதி வாசலுக்கும் நடுவில் எத்தனை பாலம் இருக்கிறது என்பது. பழைய நகருக்குள் காரோ பஸ்ஸோ நுழைய முடியாது. ஏறக்குறைய எல்லாப் பாலமும் படிக்கட்டுதான். 23 கிலோ பெட்டியோடு நான்கைந்து பாலம் ஏறி இறங்கினால் அன்றைய தெம்பு அதோடு போய்விடும்.

ஆகவே கிளம்பும் முன்பே விடுதிக்கு எழுதிக் கேளுங்கள்: பக்கத்துப் படகுத்துறை எது, அங்கிருந்து எத்தனை பாலம்? வெறும் முகவரி உதவாது. நகரம் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. கதவு எண் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை, பகுதி முழுவதற்கும் ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. 'கஸ்தெல்லோ' என்று பகுதியின் பெயரை மட்டும் போட்டு நாலு இலக்க எண் தந்தால், அது எந்தச் சந்தில் என்று உங்களால் ஊகிக்க முடியாது.

விமானச் சீட்டில் எந்த விமான நிலையம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கோ போலோ காயலின் கரையிலேயே இருக்கிறது. சில மலிவு விமானங்கள் வெனிஸ் என்று சொல்லி இறக்கிவிடும் த்ரெவீசோ வேறு ஊர். அங்கிருந்து பஸ்ஸில் வர ஒரு மணி நேரம் வரை ஒதுக்க வேண்டும்.

மார்கோ போலோவில் இறங்கினால் இரண்டு வழி. வருகைத் தளத்தின் வாசலிலேயே பஸ் நிற்கும். ஆத்வோ நிறுவனத்தின் பஸ் எங்கும் நிற்காமல் சுமார் 20 நிமிடத்தில் பழைய நகரின் விளிம்பில் உள்ள பியாட்சாலே ரோமா சதுக்கத்துக்குப் போய்ச் சேரும். ஆக்த்வி நிறுவனத்தின் 5ஆம் எண் ஏரோபஸ் வழியில் நின்று போவதால் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். இரண்டுக்கும் 10 யூரோ. ஒன்றின் சீட்டு மற்றதில் செல்லாது. எந்தக் கம்பெனி என்று பார்க்காமல் இயந்திரத்தில் சீட்டு எடுத்துவிட்டு, பஸ் வாசலில் திகைப்பவர்கள் நிறைய. சாதாரண நகரப் பயணச்சீட்டும் ஏரோபஸ்ஸுக்கு ஆகாது.

பியாட்சாலே ரோமாவோடு சாலை முடிந்துவிடும். சாந்தா க்ரோச்சே பகுதியில் தங்குகிறவர்கள் அங்கிருந்து நடந்தே போய்விடலாம். மற்றவர்களுக்கு வபொரெத்தோ என்னும் பொதுப் படகு. 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25, மூன்று நாளுக்கு 45. ஒரே நாளில் மூன்று முறை ஏறினாலே 24 மணி நேரச் சீட்டு லாபம். 29 வயது வரை உள்ளவர்கள் 6 யூரோ கொடுத்து ரோலிங் வெனிஸ் அட்டை வாங்கினால் மூன்று நாள் சீட்டு 27 யூரோவுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் துறையில் உள்ள கருவியில் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காட்ட மறந்தாலும் அபராதம்தான்.

தவறு அதிகம் நடக்கும் இடம் பியாட்சாலே ரோமாவின் படகுத்துறை. 1ஆம் எண் படகு நகரின் நடுவே ஓடும் பெருங்கால்வாயில் எல்லா நிறுத்தத்திலும் நின்று, முக்கால் மணி நேரத்துக்குள் சான் மார்கோ சேரும். 2ஆம் எண் வேகமானது, ஆனால் இங்கிருந்து இரண்டு திசையிலும் கிளம்பும். ஒன்று ரியால்டோ வழி. மற்றது த்ரொன்கெத்தோ, ஜூதெக்கா என்று தெற்கே சுற்றிப் போகும். ரியால்டோவில் அறை எடுத்தவர் இரண்டாவதில் ஏறினால் பெரிய சுற்று. எண்ணை மட்டும் பார்க்காமல், மிதவை மேடையில் எழுதியிருக்கும் திசையையும் படியுங்கள், ஏறும் முன் கயிறு கட்டுகிற பணியாளரிடம் 'ரியால்டோ?' என்று கேளுங்கள். முதுகுப்பையைக் கழற்றிக் கீழே வைப்பது இந்தப் படகுகளில் மரியாதை. உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போவதும் இதில்தான்.

இரண்டாவது வழி, விமான நிலையத்திலிருந்தே படகு. கூரை போட்ட நடைபாதையில் பத்து நிமிடம் நடந்தால் துறை வரும். அங்கே அலிலகூனா நிறுவனத்தின் படகுகள் இருக்கும். நீலத் தடம் முரானோ தீவு, நகரின் வடகரையில் உள்ள ஃபொந்தமெந்தே நோவே துறை வழியாக சான் மார்கோவுக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆரஞ்சுத் தடம் நகரின் வடபகுதியான கன்னரேஜோவின் கால்வாய்க்குள் நுழைந்து ரியால்டோவுக்கு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். மெதுவான வழி என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். பஸ்ஸுக்கும் வபொரெத்தோவுக்கும் சேர்த்துக் கொடுப்பது 19.50 யூரோ, அலிலகூனாவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கஸ்தெல்லோவிலோ கன்னரேஜோவின் வடகரையிலோ தங்குகிறவர்களுக்கு, பெட்டியோடு ஒரு மாற்றம் மிச்சமாகும் என்பதால் எங்கள் ஓட்டு இதற்கே. கோடையில் படகு நிரம்பிவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், சீட்டை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வாட்டர் டாக்ஸிக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகும். நான்கைந்து பேர், வயதானவர்கள், விடுதிக்கே சொந்தத் துறை என்றால் அந்தப் பணம் தகும். இல்லையென்றால் அதுவும் ஏதோ ஒரு படித்துறையில் இறக்கிவிட்டுப் போய்விடும், பாலம் அப்படியே மிச்சம் இருக்கும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மூடுபனியால் படகுகள் தாமதமாகும். கடல் ஏறும்போது கன்னரேஜோ கால்வாயின் தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் படகு நுழைய இடம் இல்லாமல் தடத்தை மாற்றுவார்கள். 2020 அக்டோபரிலிருந்து, காயல் வாயில்களில் உள்ள மோசே என்னும் தடுப்புக் கதவுகள் பெரும் ஏற்றங்களை நிறுத்துகின்றன. ஆனாலும் கதவு மூடாத நடுத்தர ஏற்றத்துக்கே இந்தச் சிக்கல் வரும்.

ரயிலில் போகலாம் என்று மெஸ்த்ரேவுக்கு பஸ் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வெனேசியா மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது, தீவில் உள்ள நிலையம் வெனேசியா சாந்தா லூசியா. சாந்தா லூசியாவிலிருந்து பியாட்சாலே ரோமாவுக்குப் போகும் புதுப்பாலம் 2008இல் திறந்தது. ஈரத்தில் அதன் கண்ணாடிப் படிகள் வழுக்கிப் பலர் விழுந்ததால், அவற்றை எடுத்துவிட்டுக் கல் பதிக்க மாநகராட்சி முடிவு செய்தது. மழை நாளில் கண்ணாடியைத் தவிர்த்துக் கல் பகுதியிலேயே நடங்கள்.

திரும்பும்போது அதிகாலை விமானம் என்றால் அலிலகூனாவை நம்ப வேண்டாம். இரவுப் படகில் பியாட்சாலே ரோமா வந்து பஸ் பிடியுங்கள், முதல் பஸ் நேரத்தை முந்தின நாளே அந்த நிறுத்தத்தின் பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.