கச்சான் காலத்துக்கு எந்த ஒயில்?

மே மாதம் பிறந்தால் திருகோணமலையில் கச்சான் வீசத் தொடங்கிவிடும். காய்ந்த வயல்களையும் காட்டையும் தடவிக்கொண்டு வரும் அந்தச் சூட்டுக் காற்றில், கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதே மறந்துபோகும். நான் குச்சவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீடு உவர்மலையில். ஒரு வழிக்கு ஏறக்குறைய 35 கிலோமீற்றர். பாடசாலை விட்டு, உச்சி வெயில் இறங்கும் முன்பே திரும்ப வேண்டும். வண்டி பல்சர் 150 மோட்டார் சைக்கிள், பத்து வருடம் தாண்டியது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புதியதை நினைத்துப் பார்க்கவே முடியாமல் போயிற்று. அப்போதிருந்து இந்த என்ஜினை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற கவலை எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

போன வருடம் ஜூனில் அந்தக் கவலையே ஒரு பிழையில் கொண்டுபோய் விட்டது. மனைவியின் ஸ்கூட்டருக்கும் என் வண்டிக்கும் சேர்த்து என்ஜின் ஒயில் வாங்கப் போனேன். வெயிலுக்கு நல்லது, சிந்தெட்டிக், இரண்டுக்கும் போடலாம் என்று கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு போத்தல்கள் தந்தார். விலை கூடியது, ஆகவே நல்லது என்று நானும் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி ஒரு பஸ்ஸை முந்தப் போகிறேன். அக்சிலேற்றரைத் திருக என்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. எதிரே ஒரு லொறி. பிரேக் பிடித்து மறுபடி பஸ்ஸின் பின்னால் ஒதுங்கினேன். கை நடுக்கம் நிலாவெளி வரும் வரை நிற்கவில்லை.

நேராகக் கராஜுக்குப் போனேன். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, செலவு வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். மெக்கானிக் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "பிளேட் இல்ல சேர். என்ன ஒயில் விட்டீங்க?"

போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஜாசோ எம்பி என்று இருந்தது. அந்த இரண்டு எழுத்தில்தான் விஷயம் முழுக்க. ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தரம். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஒயிலிலேயே ஊறிக்கொண்டு இருப்பவை. அவை ஒன்றையொன்று பற்றிப் பிடிக்கக் கொஞ்சம் உராய்வு வேண்டும். அந்த உராய்வை விட்டுவைக்கும் ஒயிலுக்கு எம்ஏ, அதிலும் பிடி கூடியதற்கு எம்ஏ2. ஸ்கூட்டரின் கிளட்ச் ஒயிலில் படாமல் வெளியே உலர்ந்து கிடக்கிறது. ஆகவே அதற்கு வழுக்கல் கூடிய எம்பி பொருந்தும். மனைவியின் வண்டிக்குச் சரியான ஒயில்தான் என் வண்டியில் கிளட்சை வழுக்க வைத்திருக்கிறது. காருக்கென்று வரும் ஒயில்கள் பலவற்றிலும், பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்காக, இதே மாதிரி வழுக்கல் சேர்ப்பார்கள். வீட்டில் கார் ஒயில் மிஞ்சிக் கிடக்கிறது என்று பைக்கில் ஊற்றாதீர்கள்.

அந்த ஒயிலை வடித்து, சாதாரண எம்ஏ ஒயில் விட்டு 300 கிலோமீற்றர் ஓடி, அதையும் வடித்துவிட்டுப் புதிதாக விட்டோம். கிளட்ச் பழைய பிடிக்கு வந்தது. பிளேட் மாற்ற வேண்டி வரவில்லை.

அன்றைக்கு இரவு போத்தலில் போட்டிருக்கும் எண்களைப் பற்றியும் உட்கார்ந்து படித்தேன். என் வண்டிக்கு விட வேண்டியது 20டபிள்யூ-50. ஊற்றியிருந்தது 10டபிள்யூ-30. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் என்ஜினைக் கிளப்புவதைப் பற்றியது. 20டபிள்யூ ஒயிலை அதற்காகச் சோதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில். நுவரெலியாவில்கூட அந்தக் குளிர் கிடையாது, திருமலையில் அதை நினைத்து ஒரு நிமிடமும் மினக்கெட வேண்டாம். நமக்கு வேண்டியது கடைசி எண். ஒயில் 100 பாகைக்குச் சூடேறிய பிறகு எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது. தயிருக்கு ஊற்றும் பாணியைச் சூடாக்கிப் பாருங்கள், தண்ணீர் மாதிரி ஓடும். ஒயிலும் அப்படித்தான். அந்தச் சூட்டில் 50 என்றால் குறைந்தது 16.3 சென்ரிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 30 என்றால் 12.5ஐத் தொடாது. நான் மூன்று நாள் கச்சானில் ஓடியது அவ்வளவு மெல்லிய ஒயிலோடு. பைக்கில் கியர்களும் இதே ஒயிலில் சுற்றுவதால், ஒயிலுக்குத் தடிப்புக் கொடுக்கும் நீள மூலக்கூறுகளைப் பற்கள் நறுக்கிக்கொண்டே இருக்கும். நாளாக நாளாக அது இன்னும் மெலியும்.

சரி, அப்படியென்றால் வெயிலுக்கு எல்லாரும் 50 ஊற்றலாமா? கூடப் படிப்பிக்கும் தம்பி ஒருவர் ஹீரோ பைக் வைத்திருக்கிறார். வண்டியோடு வந்த புத்தகத்தில் 10டபிள்யூ-30. என் கதையைக் கேட்டதும் தானும் 20டபிள்யூ-50 போடப்போகிறேன் என்றார். வேண்டாம் என்று சொன்னேன். அந்த என்ஜினின் ஒயில் பம்பையும் ஒயில் போகும் சின்ன வழிகளையும் 30க்கு என்று அளந்து செய்திருக்கிறார்கள். தடித்த ஒயில் காலையில் மேலே ஏறிப் போய்ச் சேரவே நேரம் எடுக்கும், பெற்றோலும் கூடக் குடிக்கும். புத்தகமே இரண்டு மூன்று தரங்களை அனுமதித்திருந்தால் அதில் கூடிய எண்ணை எடுங்கள். அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

எங்களுடையவை காற்றில் ஆறும் என்ஜின்கள். 60இல் ஓடும்போது பிரச்சினை இல்லை. ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்பு வான்கள் நிலாவெளியை நிரப்பி, இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போதுதான் ஒயில் வேகிறது. கியர் இறுகும், நியூட்ரல் விழாது. அது ஒயில் சோர்ந்துவிட்டதன் அறிகுறி. அப்படியான நேரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் நிறுத்திவிடுவேன். என்ஜினின் செட்டைகளில் ஒட்டிய சேற்றையும் மணலையும் கழுவி வைப்பதும் பெரிய உதவி.

இதையெல்லாம்விட நான் கெஞ்சிக் கேட்பது ஒயில் மட்டத்தைப் பாருங்கள் என்பதைத்தான். உள்ளே இருப்பதே ஏறக்குறைய ஒரு லீற்றர். அதில் 200 மில்லிலீற்றர் எரிந்துபோனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சம் இருப்பது அந்தச் சூட்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஞாயிறு காலை, சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வலது பக்கத்து வட்டக் கண்ணாடியைப் பார்க்கிறேன். ஒரு நிமிட வேலை. நிறம் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அழுக்கைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலைதான். பால் மாதிரி வெளுத்திருந்தால் மட்டும் கராஜுக்குப் போங்கள், தண்ணீர் புகுந்திருக்கிறது.

இப்போது நான் விடுவது மினரல் 20டபிள்யூ-50, எம்ஏ2. கச்சான் மாதங்களில் 2,500 கிலோமீற்றரில் மாற்றிவிடுகிறேன். சீனக்குடாவில் லங்கா ஐஓசியின் ஒயில் கலக்கும் ஆலை இருக்கிறது. நம் ஊரில் கலக்கும் ஒயில் என்று அவர்களுடைய சேர்வோவில் எனக்கு ஒரு பற்று உண்டு. அதையும் பின்பக்கம் படித்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன். வடித்த பழைய ஒயிலை மெக்கானிக்கின் பீப்பாவில் ஊற்றிவிடுங்கள். உப்புவெளியில் ஆட்கள் அதை வளவு மணலில் ஊற்றுவதைக் கண்டிருக்கிறேன், நாலு அடி தள்ளிக் கிணறு.

ஸ்கூட்டர் போத்தலில் மகள் சிவப்பு மையால் 'அம்மா' என்று எழுதி வைத்திருக்கிறாள். இரண்டும் இப்போது வேறு வேறு தட்டில். கடைசியாக மாற்றியதிலிருந்து இன்றைக்கு 2,430 கிலோமீற்றர். நாளை சனிக்கிழமை, கராஜ் திறக்கும்போதே போய் நிற்க வேண்டும்.