ஜட்ஜைத் திட்டுகிறோம், வழக்கை நடத்தியவர் யார்?

போன வாரம் டீக்கடையில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி, ஆறு வரிதான் இருக்கும். கொலை வழக்கில் நான்கு பேர் விடுதலை, குற்றச்சாட்டை அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை என்று நீதிபதி தீர்ப்பு. பெஞ்சில் இருந்தவர்கள் உடனே ஜட்ஜைத் திட்ட ஆரம்பித்தார்கள். காசு கைமாறியிருக்கும் என்று ஒருவர் அடித்தே சொன்னார். செய்தியில் இருந்த "அரசுத் தரப்பு" என்ற வார்த்தையை யாருமே கண்டுகொள்ளவில்லை. அந்தத் தரப்பில் யார் நின்றார், எத்தனை சாட்சி பிறழ்சாட்சி ஆனார்கள் (போலீஸிடம் முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னார்கள்), அவர்களை அவர் குறுக்கு விசாரணையாவது செய்தாரா? செய்தியிலும் அது இல்லை.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞரின் ஆணவக் கொலை வழக்கு. 2015 ஜூன் 23, திருச்செங்கோடு மலைக்கோயிலில் இருந்து கடத்தப்பட்ட அந்தப் பையனின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தது. வயது 21. நாமக்கல்லில் விசாரணை நடந்தபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள், அவனோடு கோயிலுக்குப் போன பெண் உட்பட. எங்கள் பேச்செல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான், நானும் அப்போது அப்படித்தான் பேசினேன். ஆனால் கோகுல்ராஜின் அம்மா வேறொன்றைப் பார்த்தார். அரசு வக்கீலை மாற்றுங்கள், வழக்கை வேறு ஊருக்கு மாற்றுங்கள் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு 2019இல் மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு வந்தது, ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். 2022 மார்ச்சில் முக்கியக் குற்றவாளி யுவராஜ் உட்பட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை, ஐந்து பேர் விடுதலை. அடுத்த ஆண்டு ஜூனில் பத்துப் பேரும் குற்றவாளிகள் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, இருவரின் தண்டனையை மட்டும் குறைத்தது. சாட்சிகள் கைவிட்ட வழக்கு கோயில் சிசிடிவி பதிவு மாதிரியான ஆதாரங்களை வைத்துத்தான் தாக்குப்பிடித்தது, அதைக் கோர்ட்டில் நிற்கும்படி கொண்டுவர ஒரு ஆள் தேவைப்பட்டார்.

வக்கீலை மாற்றக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தலித், பழங்குடி மக்களுக்கு எதிரான குற்றங்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் 1995 விதிகளின்படி பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியர் ஒரு மூத்த வழக்கறிஞரை நியமிக்கலாம். மற்ற வழக்குகளிலும், நீதிமன்றம் அனுமதித்தால், அரசு வக்கீலுக்கு உதவியாக நாமே ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளலாம். அந்த விடுதலைச் செய்திக்குக் கீழே இதை இரண்டு வரி போட்டிருந்தால் எத்தனை குடும்பத்துக்கு உதவியிருக்கும்!

அப்புறம் நியமனம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கும் உதவி அரசு வக்கீல்கள் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி வருகிறவர்கள். கொலை வழக்கு நடக்கும் செஷன்ஸ் கோர்ட்டிலோ, ஏழு வருடமாவது பிராக்டிஸ் உள்ள வக்கீல்களிலிருந்து அரசு நியமிக்கிறது, ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறுகிறார். பாதி விசாரணையில் வழக்குக் கட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாட்சிக்குச் சம்மன் போனதா என்பதில் இருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். நன்றாக உழைக்கிற அரசு வக்கீல்கள் இருக்கிறார்கள், ஒரே நாளில் கை கொள்ளாத வழக்குகளோடு ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயரும் வரட்டும், தோற்றவர்கள் பெயரும் வரட்டும். தண்டனை கிடைத்தால் மட்டும் "அரசுத் தரப்பில் இன்னார் ஆஜரானார்" என்று கடைசி வரியில் பெயர் போடுவதும், விடுதலை என்றால் அந்த வரியே காணாமல் போவதும் சரியில்லை.

அந்த ஆறு வரியை எழுதிய நிருபரின் நம்பரை வாங்கி நேற்று போன் செய்தேன். மொத்தம் எத்தனை சாட்சி, எத்தனை பேர் பிறழ்ந்தார்கள், இடையில் எத்தனை முறை அரசு வக்கீல் மாறினார், மேல்முறையீடு உண்டா என்று கேட்டேன். தீர்ப்பு நகல் கைக்கு வரட்டும் சார், பார்த்துச் சொல்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை திரும்பக் கூப்பிடுவேன்.