கூத்துக் களரியில் கேமரா: இந்த சீசனில் செய்து பார்த்தவை

தெருக்கூத்தைப் படமெடுக்கும்போது இருட்டைவிட அதிகம் படுத்துவது கலப்பட வெளிச்சம்தான். செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். ஒரு காலத்தில் தீவட்டி, அப்புறம் பெட்ரோமாக்ஸ். இப்போது பந்தல்காலில் டியூப் லைட், ஒரு ஓரத்தில் எல்இடி ஃபோகஸ், பின்னால் சீரியல் பல்பு. வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் அதே துரியோதனன் ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் ஊதாவாகவும் வருவார். அதனால் அதை ஒரே கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு) எண்ணில் நிறுத்திவிட்டு, பிறகு நிறத்தைத் திருத்த வசதியாக ரா ஃபைலாக எடுத்துக்கொள்கிறேன்.

லென்ஸைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. லென்ஸ் திறப்பைச் சொல்லும் எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். கேமராவோடு வந்த ஜூமை நீட்டினால் எஃப் 5.6. விலை குறைந்த 50 மிமீ லென்ஸில் எஃப் 1.8. கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் கூடுதல். பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டால் 50 போதும்.

ஷட்டரில்தான் பல ராத்திரி போனது. ஆட்டம் வேகமாயிற்றே என்று ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/500 நொடி வைத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல டியூப்களும் மலிவு எல்இடிகளும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே வந்துவிடும், பட்டை போய்விடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், அதை அணைத்து வைத்துவிட்டேன். கூத்தில் மிருதங்கமும் முகவீணை என்ற ஊதுகருவியும் போடுகிற சத்தத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது?

ஆனால் 1/100-இல் சுழன்றாடுகிறவர் கலங்கித் தெரிவார். அதற்கு விடை கேமராவில் கிடைக்கவில்லை, பாட்டின் தாளத்தில் கிடைத்தது. வேஷக்காரர் சுற்றிச் சுற்றி ஆடி, தாளம் முடியும் இடத்தில் மார்பை நிமிர்த்தி ஒரு கணம் நிற்பார். தோளில் கட்டும் புஜக்கட்டையும் கிரீடமும் அசையாமல் இருக்கும் நேரம் அதுதான். மிருதங்கக்காரரின் அடி நெருங்கும்போதே விரலைப் பாதி அழுத்தித் தயாராகிவிட்டால் 1/100 தாராளம். திரைப் பிரவேசம் இன்னும் வசதி: இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் பாடிக்கொண்டிருப்பவர் எங்கே வெளிப்படுவார் என்பது முன்பே தெரியும், அங்கே ஃபோகஸை வைத்துக் காத்திருக்கலாம். பர்ஸ்ட்டில் (தொடர் படமெடுப்பில்) சரமாரியாகச் சுட்டதைவிட இப்படி எடுத்ததில்தான் தேறிய படங்கள் அதிகம்.

துரியோதனனின் சிவப்பு அரிதாரம் தனித் தலைவலி. வெளிச்ச அளவைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் வரைபடம் ஒழுங்காக இருக்கும், ஆனால் சிவப்பு நிறத்துக்கான சேனல் மட்டும் உச்சத்தில் முட்டிக்கொண்டு, முகம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். பின்னணி கறுப்பு என்பதால் தானியங்கி மீட்டர் வேறு வெளிச்சத்தை ஏற்றிவிடும். இப்போது மேனுவல்தான்: எஃப் 2, 1/100, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 அல்லது 3200, சிவப்பு எல்லைக்குள் வரும்வரை ஐஎஸ்ஓவைக் குறைப்பது. புஜக்கட்டைகளில் பதித்த கண்ணாடித் துண்டுகள் வெளுத்துப்போனால் போகட்டும், அவை மின்னத்தானே பதித்தது.

ஃபிளாஷ் பேச்சே வேண்டாம். "தம்பி, பளிச்சுன்னு அடிக்காதீங்க, கண்ணு கட்டிப்போவுது, அடவு தப்பிடும்" என்று ஒரு கூத்து வாத்தியார் என் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சரியான பேச்சு.

கண் பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதி, முழு வேஷத்தில் பாதி நேரம் ஏமாந்து கண்ணாடிச் சில்லைப் பிடிக்கிறது. ஒற்றைப் புள்ளியை நெற்றி நாமத்தில் வைத்தால் ஓரளவு பிடிக்கிறது. அடுத்து, சுழலும்போதே 1/25-இல் கேமராவைக் கூடவே திருப்பி, முகம் தெளிவாகவும் பாவாடை கலங்கியும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதுவரை எடுத்ததில் தெளிவாக வந்தது பந்தல்கால் மட்டும்தான்.