தைப்பான விடுங்க, நம்ம வயல் பாம்பப் பாருங்க
உலகத்துலயே விஷம் கூடின பாம்பு எண்டு ஒரு வீடியோவ எல்லாரும் ஷேர் பண்றாங்க. அது அவுஸ்திரேலியாட உள்நாட்டுத் தைப்பான். எலிக்கு ஏத்திப் பார்த்த கணக்குல அதுட விஷம்தான் முதலிடம், ஆனா அது ஆள் நடமாட்டம் குறைஞ்ச வறண்ட இடத்துல இரிக்கிற கூச்சப் பாம்பு, மனுசரக் கடிக்கிறதே அரிது. எனக்குப் பயம் நம்ம மட்டக்களப்புப் படுவான்கரை வயலுக்குள்ள கிடக்கிற கண்ணாடிப் புடையனும் ராவையில பாயில படுத்த ஆளக் கடிக்கிற கட்டு விரியனும்தான். புடையன் கடிச்சா வீங்கி வலிக்கும், ரெத்தம் உறையாது, கிட்னியும் போகலாம். கட்டு விரியன் அப்பிடியில்ல, பெரிசா வலிக்காது, அடையாளமும் சரியாத் தெரியாது, வயித்துக்குத்து எண்டு எழும்புற ஆளுக்குக் கொஞ்ச நேரத்துல கண் இமை சொருகும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சே எடுக்க ஏலாமப் போகும். பூச்சி கடிச்சிரிக்கும் எண்டு தயவு செஞ்சி விட்டிராதீங்க.

அறுவடைக்கு இறங்கக்குள்ள பூட்ஸ் போடுங்க, ராவையில டோர்ச் இல்லாம வரம்பால வராதீங்க, தரையில படுத்தா நுளம்பு வலை கட்டி ஓரத்தப் பாய்க்குக் கீழ செருகுங்க. கடிச்சா இறுக்கிக் கட்டாம, கீறாம, காலக் கைய ஆட்டாம நேரா ஆஸ்பத்திரிக்கு. நாகம், கட்டு விரியன், புடையன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான் ஏத்துற, பாம்ப அடிச்சித் தூக்கிட்டுப் போகத் தேவையில்ல.