நத்தார் இரவுக்குக் காய்ச்சிய எக்நாக்

இந்த முறை நத்தாருக்கு, முட்டையும் பாலும் சேர்த்துச் செய்யும் எக்நாக் என்ற பானத்தை வீட்டிலேயே காய்ச்சுவது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் என் பெறாமகள். தங்கச்சியின் மூத்தவள், ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. மார்கழி பிறந்ததும் போன் எடுத்து, “பெரியம்மா, எனக்கு எக்நாக் குடிக்க ஆசையாக் கிடக்கு. கடையில விக்கிறது சரியான இனிப்பு, ஒரு வாய்க்கு மேல இறங்குதில்லை” என்றாள். பிள்ளைத்தாச்சி வாய்விட்டுக் கேட்டபிறகு செய்து கொடுக்காமல் இருக்க முடியுமா?

கனடாவுக்கு வந்த இத்தனை வருடத்தில் நான் எக்நாக் குடித்தது நாலைந்து தடவைதான் இருக்கும். முதல் தடவை வேலையிடத்து நத்தார் விருந்தில். பெட்டியில் வருகிற மஞ்சள் நிறப் பால், கூழ் போலத் தடிப்பு. அதில் எனக்குப் பிடித்தது மேலே தூவியிருந்த சாதிக்காயின் மணம் மட்டும். இங்கிலாந்தில் சூடான பாலில் வைனோ பியரோ ஊற்றித் திரைய வைத்துக் குடித்த பொசெற் என்ற பானத்தின் வழி வந்தது என்கிறார்கள். கடல் கடந்து வட அமெரிக்காவுக்கு வந்த இடத்தில் றம் மலிவாகக் கிடைக்க, அதுவும் சேர்ந்துகொண்டது.

பழைய முறையில் முட்டையைக் காய்ச்சுவதே இல்லை. மஞ்சள் கருவைச் சீனியோடு அடித்து, பாலும் கிறீமும் றம்மும் ஊற்றி, வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து மேலே கலந்து அப்படியே குடிப்பார்கள். என் வீட்டில் அது சரிவராது. ஒரு பக்கம் பிள்ளைத்தாச்சி, மறுபக்கம் 82 வயது அம்மா. பச்சை முட்டையில் சல்மனெல்லா கிருமி இருந்துவிட்டால் முதலில் விழப்போவது இவர்கள் இரண்டு பேரும்தான். முட்டையும் பாலும் சேர்ந்த கலவையை 71 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும் என்பது இங்கே அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவின் அறிவுரை. அந்த இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

என் மனுசன் வழக்கம்போலத் தன் பங்குக்கு, “றம் ஊத்தினா கிருமி செத்துப்போகும், ஏன் இந்தப் பாடு?” என்றார். அந்தக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. நியூயோர்க்கில் றொக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கிருமி ஆராய்ச்சி செய்த றெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அம்மையாரின் ஆய்வுகூடத்தில், பச்சை முட்டையும் நிறைய மதுவும் சேர்த்து எக்நாக் கலக்கிக் கிழமைக் கணக்கில் குளிரில் வைத்திருந்து நத்தாருக்குக் குடிக்கும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் அங்கே அதே கலவையில் வேண்டுமென்றே சல்மனெல்லாவைச் சேர்த்துச் சோதித்தபோது, மூன்றாவது கிழமையில் கிருமி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. ஆனால் அது அத்தனை மதுவோடு, அத்தனை நாள் வைத்த எக்நாக். அன்று கலந்து அன்றே குடிப்பதற்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அதுவும் பிள்ளைத்தாச்சிக்கு றம் ஊற்றிக் கொடுக்கிற கதைக்கே இடமில்லை.

சரி, காய்ச்சுவது என்றாகிவிட்டது. செய்முறையைப் படித்தபோது எனக்கு ஒரு துணிவு வந்தது. அடித்த முட்டையில் சூடான பாலை நூலாக ஊற்ற வேண்டும் என்று இருந்தது. அட, இது முட்டைக்கோப்பியின் கை அல்லவா! ஊரில் எங்களுக்குப் பரீட்சைக் காலத்தில், தடிமன் பிடித்தால், பிள்ளை பெற்ற வீட்டில் எல்லாம் அம்மா அடித்துத் தருவது அதுதான். முட்டையையும் சீனியையும் கோப்பைக்குள் போட்டு, கரண்டியால் நிறம் வெளிறும்வரை அடித்து, கொதிக்கிற கோப்பியை உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக விடுவார். ஒரு கையில் கேத்தில், மற்றக் கை அடிப்பதை நிறுத்தாது. முட்டை திரையாது, வெடுக்கும் தெரியாது.

அந்தத் துணிவோடு நத்தாருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பாதி அளவில் ஒரு வெள்ளோட்டம் விட்டேன். மூன்று மஞ்சள் கரு, 50 கிராம் சீனி, 250 மில்லிலீற்றர் பால், 125 மில்லிலீற்றர் கிறீம். பாலை ஊற்றும் கட்டம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. திரும்பச் சட்டிக்குள் விட்டு அடுப்பில் வைத்துத் துழாவினேன். தெர்மோமீற்றர் 73 காட்டியது. இலக்கைத் தாண்டியாயிற்று என்று அடுப்பை அணைத்துவிட்டு, வடியை எடுக்கப் போனேன். பாத்திரம் கழுவும் மெசினுக்குள் தேடி எடுத்துக்கொண்டு வர ஒரு நிமிடம், கூடினால் ஒன்றரை நிமிடம். வந்து பார்த்தால் 87. சட்டியின் ஓரமெல்லாம் றவை போலச் சின்னச் சின்ன மஞ்சள் மணிகள். கிட்டக் குனிந்தால் அவித்த முட்டையின் வெடுக்கு மணம்.

அடுப்பை அணைத்தேன்தான், ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது கண்ணாடித் தட்டு மின்னடுப்பு. வாயு அடுப்பில் திருகினால் நெருப்பு அந்தக் கணமே போய்விடும். இது அணைத்த பிறகும் பல நிமிடம் சூட்டை வைத்துக்கொண்டே இருக்கும். சோறு கறிக்கு அது ஒரு பொருட்டில்லை, முட்டைப் பாலுக்கு அதுவே கெடுதி. மிக்ஸியில் அடித்துப் பார்த்தேன். மணிகள் கரைந்து வழுவழுப்பாக வந்தது, வெடுக்கு மட்டும் போகவில்லை. கவலையோடு கொட்டினேன்.

நத்தாருக்கு இரண்டு நாள் முன்னதாக, பின்னேரம் மறுபடி தொடங்கினேன். பன்னிரண்டு பேருக்கு இரட்டை அளவு வேண்டும். ஆனால் ஒரே சட்டியில் பன்னிரண்டு மஞ்சள் கருவைக் காய்ச்ச எனக்குத் தைரியம் வரவில்லை. ஆறு ஆறாக இரண்டு தடவை செய்தேன். ஒரு தடவைக்கு ஆறு மஞ்சள் கரு, 100 கிராம் சீனி, அரை லீற்றர் பால், கால் லீற்றர் 35 வீதக் கிறீம், ஒரு சிட்டிகை உப்பு. பால் இங்கே பையில் வருகிற 3.25 வீதக் கொழுப்புப் பால்தான். கொழுப்புக் குறைந்த பாலில் செய்தால் தண்ணீர்ப் பதம் வந்துவிடும்.

வடி, பெரிய கிண்ணத்தில் ஐஸ்தண்ணீர், அதற்குள் நிற்கக்கூடிய எவர்சில்வர்ப் பாத்திரம், மூன்றையும் முதலே அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டேன். தெர்மோமீற்றரையும் கொதிநீரில் விட்டுப் பார்த்தேன், 100 காட்டியது. வான்கோழி சுடும்போது இறைச்சியில் குத்திப் பார்க்கிற சாதாரணக் கருவிதான், தனியாக ஒன்றும் வாங்கவில்லை.

பாலையும் கிறீமையும் அடிகனமான சட்டியில் விட்டு, ஒரு துண்டு கறுவாவும் இரண்டு கராம்பும் போட்டு, ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி வரும்வரை சூடாக்கினேன். பொங்க விடவில்லை. இதற்கிடையில் மஞ்சள் கருவில் சீனியைக் கொட்டி அடித்தேன். சீனியைக் கொட்டினால் உடனே அடித்துவிட வேண்டும். அப்படியே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் சீனி கருவின் ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. நிறம் செம்மஞ்சளிலிருந்து வெளிறிய எலுமிச்சை நிறத்துக்கு வரும்வரை அடித்தேன்.

பிறகு அகப்பையால் பாலை அள்ளி, நூலாக ஊற்றி ஊற்றி அடித்தேன். கால்வாசிப் பாலை விட்டதும் ஒரு ஆர்வத்தில் அளந்து பார்த்தேன்: 52 பாகை. கைக்கு நல்ல சூடுதான், ஆனால் 71 எங்கே, 52 எங்கே! ஊற்றுவது முட்டையைச் சூட்டுக்குப் பழக்குவதற்குத்தான், வேகவைப்பதற்கு இல்லை என்பது அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. இத்தோடு நிறுத்திவிட்டு ‘காய்ச்சியாயிற்று’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. திரும்ப அடுப்புக்குப் போயே ஆக வேண்டும்.

அந்த ஏழெட்டு நிமிடம்தான் முழு வேலையும். அடுப்பு கீழ்ச்சூட்டில். மரக்கரண்டி சட்டியின் அடியைத் தொட்டபடி எட்டுப் போடுகிற மாதிரிச் சுற்றிக்கொண்டே இருந்தது. போன் அடித்தது, எடுக்கவில்லை. தொடக்கத்தில் மேலே ஒரு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. 65ஐத் தாண்டும்போது அந்த நுரை தானாகவே அடங்கத் தொடங்கியது, பாலின் முகம் பளபளப்பாகத் தெளிந்தது. 71 ஆனபோது இன்னும் தண்ணீராகத்தான் இருந்தது. கிருமிக்கு அது போதும், நாக்குக்குப் போதாது. மஞ்சள் கரு தனியாக இருந்தால் 65 பாகை அளவிலேயே தடிக்கத் தொடங்கும். பாலும் சீனியும் அதைத் தள்ளிப்போடுகின்றன, அதனால்தான் நமக்கு இவ்வளவு இடைவெளி கிடைக்கிறது. 85ஐத் தாண்டினால் அந்தச் சலுகையும் முடிந்துவிடும், மணி மணியாகப் போய்விடும்.

74, 75. கரண்டியில் ஒரு கனம் தெரிந்தது. 77இல் கரண்டியைத் தூக்கி, முதுகுப் பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோட்டின் இரண்டு கரையும் வழியாமல் அப்படியே நின்றன. சட்டியை அடுப்பில் ஒரு நொடிகூட விடாமல் தூக்கி, வடியூடாக ஐஸ்தண்ணீரில் நின்ற பாத்திரத்துக்குள் வார்த்தேன். வடியில் தங்கியது கறுவாவும் கராம்பும் ஒரு நகத்தளவு வெள்ளை நூலும் மட்டும். அதைப் பார்த்தபோது வந்த சந்தோசத்தை எழுதினால் கூடுதலாகத் தெரியும், ஆனால் குசினியில் தனியே நின்று சிரித்தேன்.

ஆறவிடுவதிலும் கவனம் வேண்டும். மேசையில் வைத்து மெல்ல ஆறட்டும் என்று விட்டால், காய்ச்சிக் கொன்றதற்குப் பலன் இல்லை. இளஞ்சூட்டில் கிருமி திரும்பப் பெருகும். ஐஸ்தண்ணீரில் வைத்துத் துழாவிச் சூடு தணிந்ததும், வனிலா ஒரு தேக்கரண்டி விட்டு, ஆடை படியாமல் பிளாஸ்ரிக் தாளை அதன் முகத்தோடு ஒட்ட மூடி, இரண்டு ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துப் பிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் இன்னும் ஒரு சுற்றுத் தடித்திருந்தது. இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. மிஞ்சிய பன்னிரண்டு வெள்ளைக் கருவில் பாதி பச்சைமிளகாய், வெங்காயம் போட்ட ஒம்லெட்டாயிற்று, மீதி ஐஸ் தட்டில் உறைய வைத்திருக்கிறேன்.

சாதிக்காயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தூளாக வாங்கியதைப் போடாதீர்கள். றிச் கேக்குக்கென்று கண்டிப் பக்கத்து முழுச் சாதிக்காய் கொஞ்சம் வைத்திருந்தேன். பரிமாறும் நேரத்தில் கோப்பைக்கு மேலே பிடித்து நாலு தரம் தேய்த்தால், மரமும் மிளகும் கலந்தது போல ஒரு மணம் வருமே, அந்த மணம் போத்தல் தூளில் வருவதில்லை. முதலே போட்டுக் காய்ச்சினாலும் பாதி மணம் ஆவியோடு போய்விடுகிறது.

நள்ளிரவுப் பூசை முடிந்து எல்லோரும் பனி உதறிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. பெரிய சாடியில் றம் சேர்க்காத எக்நாக். வேண்டியவர்கள் தங்கள் கிளாஸில் ஊற்றிக்கொள்ளட்டும் என்று றம் போத்தலைத் தனியாக வைத்தேன். பெறாமகள் முதல் வாயை விழுங்கிவிட்டு ஒன்றும் பேசாமல் கிளாஸைக் கவிழ்த்துக் குடித்து முடித்தாள். மேலுதட்டில் வெள்ளை மீசையோடு, “பெரியம்மா, இன்னும் கிடக்கே?” என்று கேட்டாள்.

அம்மாவுக்குக் குளிர்ந்தது கூடாது. அவருடைய பங்கைக் கீழ்ச்சூட்டில், கொதிக்க விடாமல் சூடாக்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த அவருடைய மூக்குப்பேணியில் கொடுத்தேன். அண்ணாந்து இரண்டு மிடறு விட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நல்லாத்தான் காய்ச்சியிருக்கிறாய், வெடுக்கே இல்லை” என்றார். பிறகு பேணியை என் பக்கம் நீட்டி, “ஆனா கோப்பி விட மறந்துபோனாய், பிள்ளை.”

கேத்திலில் தண்ணீர் வைத்தேன்.