பிள்ளைகள் தீர்ப்பு எழுதிய கோடை

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள், ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர், தையல் கடை வைத்திருக்கும் அக்கா, நான் என்று மொத்தம் 11 பேர். சிறார் நூல் ஒன்றுக்கு எங்களால் முடிந்த அளவில் ஒரு பரிசு கொடுக்கலாம் என்று முடிவானதும், அன்றைய கூட்டத்திலேயே நடுவர்களாக மூன்று பெயர்களை முன்மொழிந்தார்கள். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள், நிறையப் படித்தவர்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டோம். தையல் கடை அக்கா மட்டும், தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காட்டிக் கேட்டார்: "படிக்கிறது அதுங்க. எது நல்லாருக்குன்னு நாம சொல்லணுமா?"

அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. அங்கேதான் இது தொடங்கியது.

இப்படி வேறு எங்காவது செய்திருக்கிறார்களா என்று தேடினேன். அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் 1940இலிருந்தே பிள்ளைகள் ஓட்டுப் போட்டுப் புத்தகத்துக்கு விருது கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் சிறார் நூல் குழுக்களின் கூட்டமைப்பு 1980இல் தொடங்கிய விருதும் முழுக்க முழுக்கப் பிள்ளைகளின் ஓட்டுதான். ஜெர்மனியில் 1956இலிருந்து அரசு ஒரு இளையோர் இலக்கிய விருதைக் கொடுத்துவருகிறது. அதில் 2003இலிருந்து பெரியவர்கள் குழுவுக்கு அருகே இளையோர் நடுவர் குழுவும் தனியாக உட்கார்ந்து தன் பரிசைத் தானே முடிவு செய்கிறது. நாட்டின் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் வாசிப்பு வட்டங்கள்தான் அந்தக் குழு. நம் ஊரிலோ சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010இலிருந்து கொடுக்கப்படுகிறது. அதில் தேர்வு செய்வது பெரியவர்கள்.

எல்லாப் பிள்ளைகளும் ஓட்டுப் போடட்டும் என்று முதலில் நினைத்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒரு புத்தகத்துக்கு மூன்று பிரதி வாங்கத்தான் எங்களிடம் பணம். எல்லோரையும் ஓட்டுப் போடவிட்டால், ஏற்கெனவே பெயர் தெரிந்த புத்தகத்துக்கும், அட்டை பளபளப்பாக இருப்பதற்கும் ஓட்டு விழும். ஆகவே ஜெர்மனிக்காரர்கள் வழியை எடுத்துக்கொண்டோம்: எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் எல்லாப் புத்தகங்களையும் முழுதாகப் படித்துப் பேசி முடிவெடுக்கும் குழு. ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை 26 பேர் சேர்ந்தார்கள். இருவர் விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போய்விட்டதால் 24 பேர் நிலைத்தார்கள். முழுப் பரீட்சை முடிந்த பிறகுதான் தொடக்கம் என்பதிலும் உறுதியாக இருந்தோம். அதற்கு முன்னால் கதைப்புத்தகம் என்றாலே பல வீடுகளில் சண்டைதான்.

முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியான நூல்களாகப் பார்த்து, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியதும் பதிப்பகங்கள் அனுப்பியதுமாக 38 சேர்ந்தன. 38ஐயும் 24 பேரும் படிக்க முடியாது. அதனால் நாங்கள் பெரியவர்கள் ஆறு பேர் உட்கார்ந்து 10 ஆகக் குறைத்தோம். இதில்தான் முதல் பிழை. பிள்ளைகளிடம் பட்டியலைக் கொடுத்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "நீங்க கழிச்ச புத்தகமெல்லாம் எங்கக்கா?" பீரோவுக்கு மேலே ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தன. இறக்கிக் கொடுத்தோம். ஒரு முழு மாலையும் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டைத் திரும்ப எடுத்து வந்தார்கள். ஒன்று சிலந்திகளைப் பற்றியது. 'கதை இல்லை' என்று ஒதுக்கியிருந்தோம். மற்றது ஒரு பேய்க்கதை. 'பிள்ளைகளுக்கு நல்லதல்ல' என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்து 12 ஆக்கினோம். பிள்ளைகளை நடுவராக்குகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர்கள் எதைப் பார்க்கலாம் என்பதை நாமே முடிவு செய்துவிட்டால் பாதித் தீர்ப்பை நாமே எழுதிவிட்டோம் என்றாகிறது. இதை யாராவது செய்யப் போனால் முதலில் அந்த அட்டைப்பெட்டியைத் திறந்து வையுங்கள்.

அப்புறம் படிவம். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு கட்டம், 'இந்நூல் பற்றி உன் கருத்து' என்று நான்கு கோடு. முதல் ஞாயிறு வந்த தாள்களைப் பார்த்து மனசு விட்டுப்போயிற்று. எட்டுக்குக் கீழே ஒரு மதிப்பெண்கூட இல்லை. கருத்துக் கோட்டில் எல்லோரும் ஒரே மாதிரி: 'இந்நூல் நமக்கு நல்ல கருத்துகளைக் கூறுகிறது.' ஒரு பையன் கேட்காமலே 'நீதி' என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தான். ஏன் எல்லாவற்றுக்கும் ஒன்பது என்று கேட்டதற்கு, "பெரியவங்க எழுதினது. குறைச்சுப் போட்டா மரியாதை இல்லைல்ல" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் அதைப் பரீட்சையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பரீட்சையில் உண்மையைச் சொல் என்று யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

படிவத்தைத் தூக்கிவிட்டோம். பிள்ளைகளோடு புத்தகம் பேசுவதைப் பற்றி எய்டன் சேம்பர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் சொல்லும் நான்கு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டோம். பிடித்தது எது, பிடிக்காதது எது, புதிராக இருந்தது எது, திரும்பத் திரும்ப வந்தது எது. எங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தோம்: இதை முடித்ததும் யார் கையில் கொடுப்பாய்? மதிப்பெண் கேட்டபோது வராத பதிலெல்லாம் இந்த ஐந்தாவது கேள்விக்கு வந்தது. "யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்ன அதே பெண், வேறொன்றை "என் தம்பிக்கு. ஆனா அவன் தூங்குறதுக்கு முன்னாடி குடுக்க மாட்டேன்" என்றாள். அது பேய்க்கதை.

ஞாயிறுதோறும் எட்டு எட்டுப் பேராக மூன்று வட்டம். முதல் இரண்டு வாரம் நான்கு பையன்கள் மட்டுமே பேசினார்கள். நூலகர் ஒரு வழி சொன்னார். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. ஒரு முறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்துவிட்டால் மற்றவர்கள் கொட்டைகள் தீரும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் பெரியவர்கள் வட்டத்துக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்தோம். எங்களுக்குக் கொட்டை கிடையாது. எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. ஒரு நல்ல வாக்கியத்தை அவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகும்போது நாக்கு நுனிவரை வந்துவிடும். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இரண்டு பேர் கழித்து யாராவது ஒரு பிள்ளை அதற்கே திரும்பி வரும். எப்போதும் வரும் என்று சொல்லமாட்டேன். வராதபோதும் பேசாமல் இருக்கப் பழகினேன்.

வாய் திறந்ததும் அவர்கள் பார்வை எவ்வளவு கூர்மை! கிணறு தேடிப் போகும் இரண்டு சிறுமிகள் பற்றிய கதை ஒன்று. அதில் இருவரும் பனைமர நிழலில் படுத்துத் தூங்குவதாக ஒரு படம். குடும்பமே பனையேறும் வீட்டுப் பையன் சொன்னான்: "பனைக்கு ஏது நிழல்? கோடு மாதிரி விழும். அதுல ஒரு ஆளு படுத்தா சூரியன் நகர நகர இவனும் நகரணும்." படம் போட்டவர் தென்னையைப் பார்த்துப் பனையை வரைந்திருக்கிறார் என்று ஓலையைக் காட்டி நிரூபித்தான். நாங்கள் ஆறு பேர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இன்னொரு புத்தகம் பெரியவர்கள் ஆறு பேருக்கும் மிகவும் பிடித்தது. மொழி அவ்வளவு அழகு. எங்கள் மனசுக்குள் முதல் பரிசு அதற்குத்தான். பிள்ளைகள் வட்டத்தில் அதை முடித்துவைத்தது ஒரே வாக்கியம்: "கதை 46ஆம் பக்கத்துலயே முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் தாத்தா பேசிக்கிட்டே இருக்காரு." வீட்டுக்குப் போய் மறுபடி படித்தேன். 46ஆம் பக்கத்தில்தான் முடிந்திருந்தது. நான் அந்தத் தாத்தாவின் பேச்சை ரசித்துப் படித்திருக்கிறேன், அவர் பேசுவது என்னைப் போன்றவர்களிடம் என்பதால்.

ஒரு பையனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பத்து வயது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். இரண்டாம் வாரமே, "நான் வரலைக்கா" என்று நின்றுவிட்டான். தையல் கடை அக்கா அவனைத் தன் கடைத் திண்ணையில் உட்கார வைத்து, வட்டத்தில் இருந்த இன்னொரு பெண்ணை வாசித்துக் காட்டச் சொன்னார். தினமும் மதியம் ஒரு மணி நேரம். ஆனால் எல்லாவற்றையும் படித்தவர்தான் நடுவர் என்று விதி வைத்திருந்தோமே, கேட்டவனைச் சேர்க்கலாமா? எங்களுக்குள் இதில் உடன்பாடு வரவில்லை. பிள்ளைகளிடமே விட்டோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "கேட்டாலும் கதை கதைதானே" என்று முடித்துவிட்டார்கள். கிணற்றுக் கதையில் சிறுமிகளோடு ஒரு நாய் கிளம்புகிறது, பாதி வழிக்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதைக் கவனித்தது இவன் ஒருவன்தான். 'புதிராக இருந்தது எது' என்ற கேள்விக்கு வாராவாரம் அதையே சொன்னான்: "நாய் எங்க போச்சு?"

வெளியிலிருந்து வந்த தொல்லை ஒன்றே ஒன்று. பட்டியலில் இருந்த நூலின் ஆசிரியர் ஒருவர், எல்லாப் பிள்ளைகளுக்கும் கையெழுத்திட்ட நோட்டுப் புத்தகமும் பேனாவும் பார்சலில் அனுப்பிவிட்டார். கெட்ட எண்ணத்தோடு அனுப்பியிருக்க மாட்டார். ஆனாலும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினோம். முடிவு வரும்வரை நடுவர்களின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று அன்று விதி போட்டோம். அதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

ஏழாவது ஞாயிறு வாக்கெடுப்பு. முந்தின நாள், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் பிள்ளைகளிடம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். பராந்தக சோழன் காலத்தது, 919இலும் 921இலும் வெட்டியது. ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்களாம். ஒன்றும் தெரியாது என்பதுதான் அந்தச் சிறுவனின் தகுதி. இதைக் கேட்ட பிள்ளைகள், "எங்களுக்கு எல்லாம் தெரியும். நாங்களே போடுறோம்" என்றார்கள். குடம் மட்டும் வேண்டும் என்று கேட்டார்கள். 12 மண்கலயம் வாங்கி, ஒவ்வொன்றிலும் புத்தகத்தின் பெயரை ஒட்டி உள் அறையில் வைத்தோம். ஒருவர் பின் ஒருவராகத் தனியே போய், ஆளுக்கு மூன்று கொட்டையை மூன்று வெவ்வேறு கலயத்தில் போட வேண்டும்.

முதல் மூன்று இடத்துக்கு வந்தவை கிணற்றுக் கதை, பேய்க்கதை, சிலந்திப் புத்தகம். பெரியவர்கள் நேசித்த புத்தகத்தின் கலயத்தில் இரண்டு கொட்டை. பிறகு மூன்றில் ஒன்றுக்கு ஆளுக்கு ஒரு கொட்டை: 10, 8, 6. பாதியைத் தாண்டியது எதுவும் இல்லாததால் சிலந்தியை எடுத்துவிட்டு மறுபடி போட்டார்கள். கிணற்றுக் கதைக்கு 14, பேய்க்கதைக்கு 10.

அன்றிரவு பெரியவர்கள் கூட்டத்தில் ஒருவர், நாம் விரும்பிய நூலுக்கு 'சிறப்புப் பரிசு' என்று ஒன்று கொடுத்தால் என்ன என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது, மறைக்கவில்லை. அப்படிக் கொடுத்தால் பிள்ளைகள் கொடுத்தது சின்னப் பரிசு, பெரியவர்கள் கொடுத்தது நிஜப் பரிசு என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். நள்ளிரவுவரை பேசி வேண்டாம் என்று விட்டோம். இந்த முழு முயற்சியிலும் நாங்கள் எடுத்த சரியான முடிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

பாராட்டுரையையும் பிள்ளைகள்தான் எழுதினார்கள். ஏன் பிடித்தது என்று ஏழு வரி. கடைசி வரி: 'பனைமரப் படம் தப்பு. அடுத்த பதிப்பில் மாற்றவும்.' இதை மேடையில் வாசிப்பதா என்று சிலர் தயங்கினார்கள். தீர்ப்பு அவர்களுடையது என்றால் வரியும் அவர்களுடையதுதான் என்று அப்படியே விட்டோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை விழா. சிறப்பு விருந்தினர் இல்லை, வாழ்த்துரை இல்லை. எழுத்தாளரைத் தரையில் பிள்ளைகள் நடுவே உட்கார வைத்து அவர் கையிலும் மூன்று புளியங்கொட்டை கொடுத்தோம். பனைமர வரியைக் கேட்டதும் அவர் அந்தப் பையனைக் கூப்பிட்டு, நிழல் எப்படி விழும் என்று வரைந்து காட்டச் சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்து, திண்ணையில் கதை கேட்ட பையன் தன் கொட்டையை நடுவில் வைத்துவிட்டுக் கேட்டான்: "அந்த நாய் எங்க போச்சு?"

எழுத்தாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எழுதிக்கிட்டே வந்தப்ப நான் அதை மறந்துட்டேன் தம்பி. நீ கேக்குற வரைக்கும் எனக்கே தெரியாது" என்றார்.

"அப்ப அது இன்னும் அந்தக் கிணத்துப் பக்கத்துலதான் நிக்கும்" என்றான் அவன்.