பதிவேட்டில் இல்லாத கட்டம்

கோலாலம்பூரில் ஒரு பாதுகாவல் நிறுவனத்தின் ஆயுத அறைக்குச் சில ஆண்டுகள் பொறுப்பாளராக இருந்தேன். வங்கி, நகைக்கடை, பணம் ஏற்றும் வேன் என்று எங்கள் ஆட்கள் போவார்கள். இந்த வேலையைச் சொன்னாலே சொந்தக்காரர்கள் கண்ணை அகல விரிப்பார்கள். உண்மையில் அது கணக்குப்பிள்ளை வேலைதான்.

ஷிப்ட் முடிந்து வருகிற ஜாகா, அதாவது காவலாளி, மணல் நிரப்பிய டிரம் பக்கம் குழலைத் திருப்பிக்கொண்டு பம்ப் கன்னிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். உள்ளே காலிதானா என்று அவர் ஒருமுறை, நான் ஒருமுறை பார்ப்போம். கண்ணால் பார்த்தால் போதாது, விரலை விட்டும் பார்க்க வேண்டும். அப்புறம் துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, நேரம், இருவர் கையெழுத்து. காலையில் போனதும் மாலையில் வந்ததும் ஒத்துப்போகாவிட்டால் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. "என்ன தம்பி, என்னைத் திருடன்னு நினைக்கிறியா?" என்று புதிதாக வந்தவர்கள் முறைப்பார்கள். பழைய ராணுவக்காரர்கள் முறைக்க மாட்டார்கள். நான் கேட்பதற்கு முன்பே தோட்டாக்களை மேசையில் வரிசையாக அடுக்கிவிடுவார்கள்.

மலேசியாவில் இதற்கெல்லாம் அடிப்படை 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதற்கு மேல் 1971-ல் வந்த தண்டனைச் சட்டம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. கொள்ளையடிக்கும்போது சுட்டால் தூக்கு என்றிருந்தது. 2023-லிருந்து தூக்கா, 30 முதல் 40 ஆண்டு சிறையா என்பதை நீதிபதி முடிவு செய்யலாம்.

வெளியே பலருக்குத் தெரியாதது, துப்பாக்கிக்கும் அதைத் தூக்கிப் போகிறவருக்கும் தனித்தனி அனுமதி வேண்டும் என்பது. லைசென்ஸ் நிறுவனத்தின் பேரில் இருக்கும். அதை ஏந்துகிற ஆளுக்குப் போலீஸ் அவர் பேரிலேயே பெர்மிட் தர வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் சும்மா நிற்பவரிடம் துப்பாக்கியை நீட்டிவிட முடியாது. ஆனால் காலை ஏழு மணிக்கு வாடிக்கையாளர் போன் போட்டு "ஆள் எங்கே?" என்று கத்தும்போது இந்தச் சட்டமெல்லாம் மேலாளர்களுக்கு மறந்துபோகும். "ஒரு நாளைக்குத்தானே, அனுப்பு" என்பார்கள். சாவி என்னிடம் இருந்தது. அனுப்பமாட்டேன் என்பேன். அதனால் அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர் கிடையாது, சரி, அது போகட்டும்.

2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கியின் காவலாளியே பெண் அதிகாரியைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடினார். அவர் காட்டியிருந்த ஐசி, அதாவது அடையாள அட்டை, போலி. அதற்குப் பிறகு ஐசியை ஆராய்வதில் எல்லோருக்கும் திடீர் அக்கறை வந்தது, நல்லதுதான். ஆனால் 2016 டிசம்பரில் பினாங்கில் ஒரு மெய்க்காப்பாளர் தன் முதலாளியையே சுட்டார். சாலையில் இருந்த மற்றவர்களும் பலியானார்கள். ஆள் யார் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது. 12 மணி நேர ஷிப்ட், ஓவர்டைம் இல்லாமல் கட்டுப்படியாகாத சம்பளம், வாசலில் வந்து நிற்கும் ஆலோங் என்கிற சட்டவிரோத வட்டிக்காரன். இவற்றை எழுத என் பதிவேட்டில் எந்தக் கட்டமும் இல்லை.

எங்களிடம் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் இருந்தார். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் காலை கையெழுத்துப் போடாமல் நின்றார்.

"தம்பி, கொஞ்ச நாளைக்கு எனக்கு இது வேணாம்."

"ஏன் அண்ணே, உடம்பு சரியில்லையா?"

"வீட்டுல பிரச்சினை. தூக்கமே இல்ல. மனசு ஒரு நிலையில இல்லாதப்ப இதைத் தொடக்கூடாது."

நான் வேறெதுவும் கேட்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கேட்டில், துப்பாக்கி தேவைப்படாத இடத்தில், அவரைப் போட வைத்தேன். மாதக் கடைசியில் அவருக்கு ஆயுத அலவன்ஸ் வெட்டப்பட்டிருந்தது. விதிப்படி அது சரிதான். துப்பாக்கி ஏந்தவில்லை, அலவன்ஸ் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் நான் கண்ட மிகப் பொறுப்பான செயலுக்கு நாங்கள் போட்ட அபராதம் அது. அதைப் பார்த்த மற்றவர்கள் இனி வாய் திறப்பார்களா? தூக்கமில்லாமல் இருந்தாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

இப்படிக் கேட்டு விலகுபவருக்கு ஒரு மாதமாவது அலவன்ஸை நிறுத்தக்கூடாது என்று மேலிடத்துக்கு எழுதினேன். அப்படிச் செய்தால் எல்லோரும் அதையே கேட்பார்கள் என்று பதில் வந்தது. கேட்கட்டுமே என்று திருப்பி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. அவருக்கு மட்டும், வேறு ஏதோ கணக்கில், அடுத்த மாதம் அந்தப் பணத்தைப் போட்டுக் கொடுத்தார்கள்.